மாதிரி 'ஆ', இரு காதுகளுக்கும் ஏற்றது

ஜூன் 3, செவ்வாய்

இன்று முற்பகல் பதினொன்று இருபதுக்கு, இந்த நூலகத்தின் அறுபத்தோராண்டு வரலாற்றில் முதன்முறையாக, மனிதக் காது குறித்து ஒரு தீர்மானம் நிறைவேறியது. வாங்கப்போகும் இயர்போன் காதின்மேல் உட்காரும் வகையாக இராது. காதுக்குள் நுழையும் வகையாகவே இருக்கும். நூலகர் என்ற முறையில் நான் முன்மொழிந்தேன். கண்காணிப்பாளர் இசக்கியப்பன் வழிமொழிந்தார். குழுவில் நாங்கள் இருவர்தான் என்பதால் எதிர்ப்பு எழவில்லை.

காரணங்கள் கனமானவை. மேலே உட்காரும் வகையில் பஞ்சு உண்டு. பஞ்சு உரியும். உரிந்தால் தணிக்கையில் கேட்பார்கள். வயர் இல்லாத வகையைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது என்றார் இசக்கியப்பன்.

"வயர் இருந்தா கம்ப்யூட்டரோட கட்டிப் போடலாம் அண்ணாச்சி. இல்லன்னா அது பாட்டுக்கு யார் வீட்டுக்காவது போயிரும்."

மதிப்பீட்டுக் காலம் முழுவதும் நாள்வாரியாகக் குறிப்பு வைக்கும்படி தலைமையகம் எழுதியிருக்கிறது. அந்தக் குறிப்பு கோப்பில் இருக்கிறது. இது எனக்கு.

ஜூன் 5, வியாழன்

இயர்போன் எதற்கு என்பதை எழுதாமல் விட்டிருக்கிறேன். தீர்மானத்திலும் அது இல்லை.

செய்தித்தாள் கூடத்துக்குப் பக்கத்துச் செவிநூல் அறையில், பார்வையற்றவர்களுக்காக, புத்தகத்தை வாசித்துச் சொல்லும் கணினிகள் இரண்டு இருக்கின்றன. இரண்டுக்கும் ஒலிபெருக்கி. இரண்டும் சேர்ந்து பேசினால் ஒன்றில் கூட்டு வட்டியும் மற்றதில் முகலாயரும் கலந்து வருகிறார்கள். பத்திரிகை படிக்கிறவர்கள் புகார் எழுதுகிறார்கள். ஜனவரியிலிருந்து முறை வைத்துவிட்டோம். ஆளுக்கு ஒரு மணி நேரம்.

தினமும் வருகிறவர்கள் இரண்டு பேர். மைதீனுக்கு இருபத்தேழு வயது. வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார். அமலிக்கு முப்பத்தொன்பது. காலையில் ஒரு கேஸ் ஏஜென்சியில் தொலைபேசி எடுக்கிறார். மதியம் இரண்டு மணிப் பேருந்தில் இங்கே இறங்குகிறார். ஆகஸ்ட் 17 அன்று அவருக்கு அரசுப் பணித் தேர்வு. அடுத்த அறிவிப்பு வரும்போது வயது வரம்பைத் தாண்டியிருப்பார்.

"இதுக்கு மேல போனா கவர்மெண்டே என்னையக் கெழவின்னு சொல்லிரும் சார். இயர்போன் எப்ப வரும்? வந்தா மூணு மணி நேரமும் கேட்டுக்கிட்டே இருப்பேன்லா?"

"மதிப்பீடு முடியணும்மா. அதுக்கப்புறம் ஒரு நாப்பது நாள்."

"ஒரு காதுக்கு இருவதா சார்?" என்றார் மைதீன்.

ஜூன் 9, திங்கள்

மாதிரிகள் வந்துவிட்டன. மூன்று. அ, ஆ, இ எனப் பெயரிட்டோம். மூன்றும் கறுப்பு. மூன்றையும் ஒரே தொழிற்சாலையில் ஒரே பெண்தான் பெட்டியில் வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

மதிப்பீட்டுப் படிவம் கடைசியாக மின்விசிறி வாங்கியபோது அச்சிட்டது. கட்டங்கள் பதினான்கு. 'இறக்கைகளின் எண்ணிக்கை' என்ற கட்டத்தைக் காலியாக விட இசக்கியப்பன் ஒப்பவில்லை. இரண்டு என்று எழுதினோம்.

ஜூன் 11, புதன்

மாதிரி 'அ'. வீட்டில் இரண்டு மணி நேரம். செய்தி வாசிப்பவர் கிணற்றுக்குள் இருந்து வாசிக்கிறார். தகரம் குறைவு, ஈரம் அதிகம்.

வலக்காதில் மே மாதத்திலிருந்து ஓர் அரிப்பு. இந்த வாரம் இடக்காதும் சேர்ந்துகொண்டது. நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி, காதுக்கு நாலு சொட்டு. மதிப்பீட்டோடு தொடர்பில்லாத செய்தி.

ஜூன் 12, வியாழன்

மாதிரி 'இ'. இடப்பக்கம் பேசவில்லை. வயரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால் பேசுகிறது. பிடித்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

மாதிரி 'ஆ' நான்காம் நாள். தயக்கமில்லாமல் சொல்லலாம், இது நல்ல பொருள். குரல் நேராக நெற்றிக்குள் பேசுகிறது. ரப்பர் முனை காதோடு பொருந்தி, வெளியுலகம் என்ற ஒன்றே இல்லாமல் ஆகிவிடுகிறது. மாலையில் கோமதி எதிரே நின்று வாயசைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு ஆண்டு மணவாழ்க்கையில் அவளை அவ்வளவு அமைதியாகப் பார்த்ததில்லை. 'புறச்சத்தம் தடுத்தல்: மிக நன்று.'

மூன்றாம் முறை அவள் வயரைப் பிடித்து இழுத்தாள். 'இழுவை தாங்கும் திறன்: நன்று.'

"காதுல தண்ணி வடியுதுன்னு சொல்லுதேன், கேக்க மாட்டேங்கியளே. தலகாணி உறைய வந்து பாருங்க. டாக்டர்ட்ட போங்க."

"மதிப்பீடு முடியட்டும்."

"யாரு மதிப்பீடு? உங்க காதையா?"

ஜூன் 20, வெள்ளி

விடுமுறை. ஆனாலும் அறிக்கை எழுத இருவரும் வந்தோம். பயன்படுத்தப் போகிறவர்களில் ஒருவரைக் கேட்கலாமா என்றேன்.

"கேக்கலாம் அண்ணாச்சி. ஆனா அவங்க கையெழுத்துப் போட முடியாதுல்லா? அப்புறம் அறிக்கை செல்லாமப் போயிரும்."

அமலி தினமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறார். இசக்கியப்பனுடையதைவிடத் தெளிவான கையெழுத்து. அதை நான் சொல்லவில்லை. நாலரைக்கு இசக்கியப்பனுக்குப் பேருந்து.

மாதிரி 'ஆ' பரிந்துரைக்கப்பட்டது. பதினோராம் கட்டம், 'பயனாளருக்கு உடல்நலக் கேடு': இல்லை. பதினான்காம் கட்டம், 'பொதுக் கருத்து': இரு காதுகளுக்கும் ஏற்றது.

ஜூன் 24, செவ்வாய்

தேர்வான மாதிரியை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்துப் பீரோவில் பூட்ட வேண்டும் என்பது விதி. சரக்கு வரும்போது அதோடு ஒப்பிட்டுப் பார்க்க. சரக்கு வர அறுபது நாள் என்று விற்பனையாளர் எழுதியிருக்கிறார்.

அமலியிடம் சொன்னேன். அவர் விரலால் தேதிகளை எண்ணினார். பிறகு கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார்.

"அப்ப எனக்கு இல்ல. பரவால்ல சார், பின்னால வாறவங்களுக்கு ஆகும்."

ஜூன் 25, புதன்

இருபத்தொன்பது ஆண்டுப் பணியில் இன்று முதல்முறையாக ஒரு விதியை மீறினேன். முத்திரை வைக்கும் உறைக்குள் மாதிரி 'இ'யைப் போட்டு அரக்கு ஊற்றினேன். மாதிரி 'ஆ'வைக் கைக்குட்டையால் துடைத்து, கொண்டுபோய் அமலியின் கையில் வைத்தேன். இசக்கியப்பன் டீ குடிக்கப் போயிருந்தார். வாசலை இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். புரட்சிக்காரர்களும் முதலில் இப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

"தாணு சார், நெசமாவா?" அமலி வயரைத் தடவிப் பார்த்து, ரப்பர் முனையைத் தொட்டு, வலக்காதில் மட்டும் செருகிக்கொண்டார். மற்றது தோளில் தொங்கியது.

"ரெண்டு காதுலயும் வைங்கம்மா. நல்லாக் கேக்கும்."

"ரெண்டையும் அடச்சா பக்கத்துல யாரு வந்தா, எவன் நிக்கான்னு எப்படித் தெரியும் சார்? ஒண்ணு படிக்க, ஒண்ணு காவலுக்கு."

'புறச்சத்தம் தடுத்தல்: மிக நன்று' என்று எழுதிய கட்டம் நினைவுக்கு வந்தது. அறிக்கை தபாலில் போய்விட்டது.

மைதீனும் வாங்கி முகத்தருகே கொண்டுபோனார். உடனே திருப்பிக் கொடுத்தார்.

"ரசம் மணக்கு சார். யாரு சாப்பிட்டா இதை? எனக்கு ஸ்பீக்கரே போதும். அமலிக்கா அதுல கேக்கட்டும், நான் இதுல கேக்குதேன். யாருக்கும் சண்ட இல்ல."

ஜூலை 2, புதன்

அமலி மூன்று மணி நேரமும் கேட்கிறார். மைதீனின் ஒலிபெருக்கி தாழ்ந்த குரலில் பேசுகிறது. பத்திரிகை படிக்கிறவர்களிடமிருந்து புகார் இல்லை. ஓர் இயர்போன் போதுமாக இருந்திருக்கிறது. ஆறு மாதமாக இது யாருக்கும் தோன்றவில்லை.

இன்று அமலி அரசியலமைப்பை முடித்துவிட்டார். "இனி கணக்கு மட்டும்தான் சார். கேஸ் ஏஜென்சில எனக்கு எல்லாரு கன்ஸ்யூமர் நம்பரும் மனப்பாடம். கணக்கு என்ன செஞ்சிரும்?" நான் சேவை செய்திருக்கிறேன். இந்த வாக்கியத்தை நாளை படித்தால் வெட்கமாக இருக்கும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 9, புதன்

அமலி வலக்காதை ஆட்காட்டி விரலால் குடைந்துகொண்டே இருந்தார். பிறகு இயர்போனை இடக்காதுக்கு மாற்றினார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார், பஸ்ல தூசி."

ஜூலை 15, செவ்வாய்

இடக்காதையும் குடைகிறார்.

ஜூலை 18, வெள்ளி

கோமதியின் வற்புறுத்தலால் அவளோடு டாக்டரிடம் போனேன். காது மூக்கு தொண்டை நிபுணர், முப்பது வயதிருக்கும் பெண். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஈரமான செய்தித்தாளைச் சுருட்டி வைத்ததுபோல் இருக்கிறது என்றார். எந்தப் பத்திரிகை என்று கேட்க நினைத்தேன்.

"பூஞ்சை. எண்ணெய் ஏதும் ஊத்துனீங்களா?"

"கொஞ்சம்."

"அதான் செழிப்பா வளந்திருக்கு. இயர்போன் போடுவீங்களா?"

"பணி நிமித்தமா."

"அதைத் தூக்கிப் போட்டுருங்க. நீங்க போட்டதை வேற யாரும் காதுல வைக்கக் கூடாது. அப்படியே ஒட்டிக்கும். எத்தனை நாளா இருக்கு?"

ஒரு வாரம் என்றேன். கோமதி என்னைப் பார்த்தாள். டாக்டர் 'ஒரு வாரம்' என்று எழுதிக்கொண்டார்.

இயர்போனைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். இன்று நூலகம் விடுமுறை.

ஜூலை 19, சனி

அமலி சதவீதக் கணக்கின் நடுவில் இருந்தார். நடுவில் எழுப்புவது முறையல்ல.

ஜூலை 20, ஞாயிறு

வாங்குவதானால் காரணம் சொல்ல வேண்டும். மாதிரியைப் பீரோவில் வைக்க வேண்டும் என்று சொல்லலாம். அது விதியும்கூட. சொல்லத்தான் போனேன். அவர், "சார், இன்னைக்கு மட்டும் நூத்திமுப்பது கணக்குப் போட்டேன்" என்றார். வாழ்த்திவிட்டு வந்தேன்.

ஜூலை 21, திங்கள்

வாங்கவில்லை.

ஜூலை 23, புதன்

அமலி இரண்டு காதுகளிலும் பஞ்சோடு வந்தார். அவருடைய அண்ணன் ஜெரால்டு கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அமலியை யாரும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நான் பார்த்ததில்லை.

"ராத்திரியெல்லாம் தூங்கல சார்," என்றார் ஜெரால்டு. "சீழா வருது. டாக்டரு பூஞ்சைன்னாங்க. வலப்பக்கம் செவிப்பறையில ஓட்ட விழுந்திட்டுன்னு சொல்லுதாங்க. மூணு வாரம் காதுல எதையும் வைக்கப்புடாதாம். இப்பவே நாம கத்துனாத்தான் கேக்கு. ரோட்டுக் குறுக்க போகையில லாரி ஆரன் கேக்கல. நான் இழுத்தேன்."

அமலி இரண்டாம் எண் கணினியின் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். இயர்போனைச் சுற்றி, என் குரல் வந்த பக்கமாக நீட்டினார். சற்று இடப்பக்கம் தள்ளி நீட்டினார். நான் நகர்ந்து வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 24, வியாழன்

வீட்டில் சொன்னேன். அதாவது, பார்வையற்ற வாசகி ஒருவருக்குக் காதில் நோய் என்று சொன்னேன்.

கோமதி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தாள். "நீங்க போட்ட இயர்போனா?"

"அலுவலக மாதிரி."

"உங்க காதுல இருந்தத எடுத்து அந்தப் பிள்ள காதுல வச்சிருக்கீங்க. அதுக்குக் கண்ணும் கிடையாது. டாக்டரம்மா சொன்ன பெறகும் அஞ்சு நாளா அத வாங்காம என்னத்த செஞ்சீங்க?"

கோமதிக்கு மருத்துவத்தில் இவ்வளவு ஈடுபாடு உண்டு என்பது தெரியாது. இரவு உணவை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அப்பளம் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

நானே அமலிக்கு வாசித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். செவிநூல் அறையில் தொடங்கினேன். அவருக்குக் கேட்கும்படி வாசித்தால் செய்தித்தாள் கூடத்துக்கும் கேட்கிறது. பத்து நிமிடத்தில் மூன்று பேர் எழுந்து வந்து, சுவரில் நானே எழுதி மாட்டிய 'அமைதி காக்கவும்' பலகையைக் காட்டினார்கள்.

சைக்கிள் கொட்டகைக்குப் போனோம். தகரக் கூரை. நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவுகளைக் கத்தினேன். "இன்னும் கொஞ்சம் சத்தமா சார்," என்றார் அமலி. எதிர்ச் சாரியில் சலூன்காரர் கத்திரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஐம்பத்தேழு வயதில் ஒரு நூலகர் பொது இடத்தில் கத்துவதை அவர் பார்த்திருக்க மாட்டார். நானும் பார்த்ததில்லை.

ஜூலை 30, புதன்

கேஸ் ஏஜென்சியில் அமலியின் இருக்கையில் வேறொரு பெண்ணை உட்கார வைத்துவிட்டார்கள். தற்காலிகமாகத்தான் என்று சொன்னார்களாம்.

கொட்டகையில் இன்று நாற்பது கேள்விகள். பாதிக்கு, நான் வாசித்தது ஒன்று, அவர் பதில் சொன்னது வேறொன்று. பதில்கள் சரியானவை, கேட்கப்படாத கேள்விகளுக்கு. இருபத்தெட்டாவது கேள்வியில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? எனக்கு முன்ன அந்த இயர்போன யாராவது போட்டிருந்தாங்களா?"

"புதுசும்மா."

"சத்தமாச் சொல்லுங்க சார்."

"புதுசு," என்று கத்தினேன்.

அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து மூக்கால் மெல்ல மூச்சிழுத்தார். டாக்டர் பூண்டெண்ணெயை நிறுத்தச் சொல்லியிருந்தும், அரிப்பு தாங்காமல் காலையில் இரண்டு சொட்டு விட்டிருந்தேன். நான் ஓரடி பின்னால் போனேன். சைக்கிள் ஒன்று சாய்ந்து விழுந்தது. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது.

"சரி சார். அடுத்ததை வாசிங்க."

ஆகஸ்ட் 6, புதன்

தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதம். மின்விசிறிப் படிவத்தை இவ்வளவு முழுமையாக நிரப்பிய கிளை வேறு இல்லையாம். பரிந்துரை அப்படியே ஏற்கப்பட்டது. இசக்கியப்பன் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போடலாம் என்கிறார்.

அமலி வரவில்லை. காய்ச்சல் என்று மைதீன் சொன்னார். அவர் என்னிடம் இப்போது வேடிக்கையாக எதுவும் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வரவில்லை. அமலியின் வீட்டுக்குப் போக மதியம் பேருந்து நிலையம் வரை நடந்தேன். அங்கிருந்து அவர் ஊர் பதினான்கு கிலோமீட்டர். பேருந்து வந்தது. போய்விட்டது. அடுத்ததும்.

சொல்ல வேண்டியதை நான்கு வரிகளாக எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எழுதியதை அவர் எப்படிப் படிப்பார் என்பது திரும்பி வரும் வழியில்தான் தோன்றியது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தேர்வு மையத்துக்கு எதிரே டீக்கடையில் ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். கேள்வியை வாசித்துச் சொல்லி, அமலி சொல்லும் விடையைக் குறிக்க ஒரு கல்லூரி மாணவியை அமர்த்தியிருந்தார்கள். தனி அறை கேட்டு ஜெரால்டு எழுதிக் கொடுத்தாராம். முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

பன்னிரண்டரைக்கு அண்ணன் தோளைப் பிடித்தபடி அமலி வெளியே வந்தார். அருகில் போய்ப் பெயரைச் சொன்னேன். கேட்கவில்லை. இரண்டாவது முறை உரக்கச் சொன்னேன்.

"தாணு சாரா? வெயில்ல எதுக்கு வந்தீங்க?"

"எப்படிம்மா?"

"வாசிச்ச பிள்ள தங்கமான பிள்ள சார். மூணு தடவ, நாலு தடவன்னு சொல்லிச்சு. அதுக்குள்ள பக்கத்துல எழுதுறவங்க சத்தமா இருக்குன்னு கம்ப்ளெயிண்ட் குடுத்திட்டாங்க. மெதுவா வாசின்னுட்டாங்க. பாவம், அது அழுதிட்டு. கன்னத்தத் தொட்டுப் பாத்தேன், ஈரமா இருந்திச்சு."

"எத்தனை கேட்டுது?"

"இருநூறுல எண்பது. மிச்சத்துக்கெல்லாம் 'சி' போடச் சொன்னேன்."

ஜெரால்டு என்னைப் பார்க்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிடப் போனார். நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். ஒரு பேருந்து ஆரன் அடித்துக்கொண்டே போனது. சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று சொல்ல முடியாது.

"என்ன சார் சொல்லுதீங்க? கேக்கல."

"ஒண்ணுமில்லம்மா. பத்திரமாப் போயிட்டு வாங்க."

ஆகஸ்ட் 28, வியாழன்

சரக்கு வந்தது. குறைந்தபட்ச அளவு இருபத்து நான்கு என்பதால் இருபத்து நான்கு இயர்போன்கள். பீரோவைத் திறந்து அரக்கை உடைத்து ஒப்பிட்டோம். முத்திரையிட்ட மாதிரியின் இடப்பக்கம் பேசவில்லை. வந்தவை இரண்டு பக்கமும் பேசின. மாதிரிக்கு ஒத்ததாக இல்லை என்று இசக்கியப்பன் எழுதப் போனார். மாதிரியைவிட மேலானது என்று எழுதச் சொன்னேன்.

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் ஜெரால்டு வந்து அமலியின் உறுப்பினர் அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். செவிநூல் பகுதிக்கு மைதீன் மட்டுமே வருகிறார், ஒலிபெருக்கியிலேயே கேட்கிறார். மதியம் மூன்று மணிக்கு இரண்டாம் எண் கணினியைக் கண்காணிப்பாளர் மேசைக்கு மாற்றினோம்.